புள்ளி மறைந்த பிறகு

விதி

“புதிதாக வரும் மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணித்த பின்னரே பழைய மீனோடு சேர்க்க வேண்டும். இடையில் நோய்க்குறி தென்பட்டால், அது மறைந்த நாளிலிருந்து மூன்று வாரத்தை மறுபடி எண்ணத் தொடங்க வேண்டும்.”

எங்கள் சங்கத்தின் நோய்த் தடுப்புக் கையேட்டில் ஏழாவது விதி இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியவன் நான். ஆகவே அதில் குழப்பம் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். யாரும் படிக்கவில்லை என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன். முதல் வாக்கியத்தைப் படித்தவர்கள் சிலர் உண்டு. இரண்டாவது வாக்கியம்வரை போய், அதன்படி நடக்கவும் முயன்றவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பெண்மணி. இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது.

வண்ண மீன் வளர்ப்போருக்கான ஒரு சங்கத்தின் தருமபுரிக் கிளையில் நோய்ப் பிரிவுப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். பிரிவு என்றால் நானும் ஒரு மைக்ராஸ்கோப்பும். எங்கள் இருவரில் மைக்ராஸ்கோப்புக்குத்தான் மரியாதை அதிகம். அதற்குத் தனி அறை, பூட்டு, உறை எல்லாம் உண்டு.

இந்த மாவட்டத்தில் மீன் செத்தால் முதலில் தண்ணீர்மேல்தான் பழி விழும். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. எங்கள் கறை படிந்த பற்களே அதற்குச் சாட்சி. ஆனால் எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிப் பழகிவிட்டதால், மீனைத் திருப்பிப் போட்டு செவுளைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மீனைக் கொண்டுவர மாட்டார்கள். பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். “இத டெஸ்ட் பண்ணுங்க சார்.” தண்ணீருக்கு ஒட்டுண்ணி வராது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மீசை

நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு கடைக்காரர் வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்ண மீன் கடை வைத்திருந்தவர். அபூர்வமாக அவர் மீனையே கொண்டுவந்திருந்தார். பாலிதீன் பையில் இரண்டு கோல்ட் ஃபிஷ்.

“புள்ளி நோய் சார். நீல மருந்து ஊத்தினேன், மஞ்ச மருந்து ஊத்தினேன். ஒண்ணுக்கும் அசையல.”

பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். செவுள் மூடியின் மேல் வெள்ளைப் புள்ளிகள், ஊசியால் குத்தி வைத்ததுபோல் ஒரே அளவில். மார்புத் துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக நாலைந்து. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

“இது நோய் இல்லீங்க. ரெண்டும் ஆண் மீன். இனப்பெருக்கக் காலம் வந்தா இப்படிப் புள்ளி வரும்.”

“நமக்கு மீசை வர மாதிரிங்களா?”

“ஏறக்குறைய.”

“அடக் கடவுளே! மீசைக்கா சார் இத்தன நாளா மருந்து ஊத்தினேன்?”

இளைய தலைமுறை இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண் மீனின் புள்ளி இடம் பார்த்து வரும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு இடம் கிடையாது. உடம்பு, துடுப்பு, வால் என்று கல் உப்பைத் தூவிவிட்டதுபோல் இருக்கும். கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் மைக்ராஸ்கோப்.

விருந்தாளி

நான் சொல்ல வந்த பெண்மணியின் பெயர் சகாயமேரி. இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம்; நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. கணவர் அந்தோணி பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போனவர். சகாயமேரி எங்கள் சங்கத்தில் பயிற்சி எடுத்து, வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி, கோல்ட் ஃபிஷ் குஞ்சு எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது வருடம் அந்தோணி பெங்களூரை விட்டு வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அப்பாவை வாரநாளில் பார்ப்பது புதிதாக இருந்ததாகச் சகாயமேரி ஒருமுறை சொன்னார்.

அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது ஒரு மீன். உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் சிவப்புத் தொப்பி. அந்த ஜாதி கடையிலும் கிடைக்கும்; ஆனால் சிவப்பு கண்ணுக்குக் கீழே வழிந்திருக்கும், அல்லது முதுகில் தெறித்திருக்கும். சகாயமேரி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, தொப்பி தொப்பியாகவே நிற்கிற மீன்களை உருவாக்கியிருந்தார்.

“எங்க கர்தினாலுங்க சார் இவங்க,” என்பார், ரோமில் சிவப்புத் தொப்பி அணியும் மதகுருமார்களை நினைத்து. “மத்ததெல்லாம் சும்மா பங்குச் சாமியாருங்க.”

சேலம், ஓசூர்க் கடைக்காரர்கள் கர்தினால்களின் குஞ்சுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். குஞ்சு எடுக்க வைத்திருந்த அந்தத் தாய் மீன்கள், ஆணும் பெண்ணும் சேர்த்து, ஒரே தொட்டியில் இருந்தன. அந்தத் தொட்டி இருக்கிறவரை அந்தோணி பெங்களூர் போக வேண்டியதில்லை. கணக்கு அவ்வளவுதான்.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்தால் மீன் நலிந்துபோகும். அதனால் வெளியிலிருந்து தாய் மீன் வரவழைத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன். தலைமை அலுவலகம் தன் பண்ணையிலிருந்து மீன் அனுப்பியது. மார்கழி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. ஆக்ஸிஜன் பைகள் காலையில் வந்தன. மறுநாளே சிறப்பு விருந்தாளியோடு வழங்கும் விழா என்று பேனர் அடித்தாகிவிட்டது.

மேலாளரிடம் ஏழாவது விதியைக் காட்டினேன். அவர் என்னைவிட வயதில் சிறியவர், கணக்குப் பிரிவிலிருந்து பதவி உயர்ந்து வந்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

“மூணு வாரம் மீன வெச்சுக்கலாம் சார். விருந்தாளிய வெச்சுக்க முடியுமா?”

“விழாவத் தள்ளி வைக்கலாமே.”

“பேனர்ல தேதி போட்டாச்சு.”

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. விழாவை இப்போதே நடத்துவது, மூன்று வாரத் தனிமையை உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் கடைப்பிடிப்பது. நான் மைக்கைப் பிடித்து இதை விளக்கிக்கொண்டிருந்தபோது விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் யாருக்கு என்று சந்தேகமே இல்லை.

மைக்கில் நான் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்குப் போய், பழைய நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக் கழுவி, புது மீனைத் தனியே விட்டவர் சகாயமேரி. ஒரு வாரத்தில் அவரிடமிருந்துதான் போன் வந்தது.

“சார், நல்லவேள சேக்கல. மேல உப்பு தூவினாப்ல இருக்குது.”

லாடம்

மைக்ராஸ்கோப்பை வெளியே கொண்டுபோக மூன்று கையெழுத்து வேண்டும். கேட்பவர், பரிந்துரைப்பவர், அனுமதிப்பவர். மேலாளர் அன்று சேலம் போயிருந்தார். மூன்றையும் நானே போட்டேன். மூன்று கையெழுத்து என்றுதான் விதி. மூன்று ஆள் என்று இல்லை.

இண்டூர் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணி சுற்றியிருந்ததைப் பார்த்து நடத்துனர் கேட்டார்: “மிக்ஸி ரிப்பேருங்களா?” ஆமாம் என்றேன்.

அந்தோணி வண்டியில் வந்து அழைத்துப் போனார். நீல டிரம் தொட்டி கொல்லையில் ஒரு மூலையில், வலை மூடி இருந்தது. வலையின் நாலு பக்கமும் வேப்பிலைக் கொத்து.

“இது யார் கட்டினது?”

“எங்க அக்காங்க,” என்றார் அந்தோணி. “பக்கத்து வூடுதான். மீனப் பாத்த ஒடனே அம்மைனு சொல்லிடுச்சு.”

“அம்மைக்கு வேப்பிலையா? நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்களாச்சே.”

“செபஸ்தியாருக்கும் வேண்டிக்கிட்டோம் சார். வேப்பிலைய அவரு ஒண்ணும் வேணாங்கலயே.”

சகாயமேரி சிரித்தார். “கட்டினதுக்கு அப்புறம் ஒருத்தரும் இந்தத் தொட்டில கை வெக்கறதில்ல சார். பசங்க கூட வர்றதில்ல. இருந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன்.”

அவர் சொன்னது சரி. அம்மை கண்ட வீட்டில் வெளியாள் நுழைய மாட்டார். அந்த வீட்டுப் பாத்திரம் வெளியே போகாது. எங்கள் கையேடு பல பதிப்பு கண்டும் சாதிக்காததை நாலு வேப்பிலைக் கொத்து சாதித்திருந்தது. நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

ஈரத் துணியில் மீனைப் பிடித்து, மெல்லிய கண்ணாடித் துண்டின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக லேசாக வழித்தேன். வந்த சளியை ஸ்லைடில் வைத்து, அதே தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு மூடினேன். எனக்கு வலது கண்ணில் புரை. இடது கண்ணால் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு சகாயமேரியைப் பார்க்கச் சொன்னேன்.

“ஐயோ, உருளுதுங்க! உருண்டையா, மெதுவா... உள்ள என்னமோ வளைஞ்சு மாட்டு லாடம் மாதிரி இருக்குது.”

“அதுதான் அடையாளம். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி. வேற எதுக்கும் அந்த லாடம் கிடையாது.”

அதன் வாழ்க்கையை அவர்கள் இருவருக்கும் விளக்கினேன். புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. எந்த மருந்தும் அங்கே போய்ச் சேராது. தின்று பெருத்ததும் தானாகக் கழன்று தொட்டியின் அடியில் விழும். அங்கே ஒன்று பல நூறாகப் பிரியும். அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்திப் போய் மறுபடி மீனைப் பிடிக்கும். நீந்துகிற அந்தச் சிறு இடைவெளியில்தான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். கோடையில் இந்தச் சுற்று சில நாளில் முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். வாரக் கணக்கில் இழுக்கும்.

“அப்ப புள்ளி இருக்கறப்ப பயமில்ல,” என்றார் சகாயமேரி. “புள்ளி போனாத்தான் பயம்.”

என் பணிக்காலத்தில் நான் நடத்திய எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகத் திருப்பிச் சொன்னதில்லை.

கல் உப்பை லிட்டருக்கு மூன்று கிராம் கணக்கில் கரைத்துப் போடச் சொன்னேன். கோல்ட் ஃபிஷ் அதைத் தாங்கும். தினமும் அடித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட வேண்டும், எடுத்த தண்ணீருக்கு ஏற்ப உப்பைச் சேர்க்க வேண்டும், வலையும் வாளியும் தனியாக இருக்க வேண்டும், கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து மூன்று வாரம் எண்ண வேண்டும்.

அந்தோணி விரல் விட்டு எண்ணினார். முகம் மாறியது.

“பொங்கல் வந்துடும் போல இருக்குதே சார்?”

“வரட்டுமே. பொங்கலுக்கும் மீனுக்கும் என்ன?”

“பொங்கலுக்கு ஒண்ணுமில்லீங்க. நடுவுல கிறிஸ்துமஸ் வருதே. அம்மை எறங்கித் தண்ணி ஊத்தற வரைக்கும் வூட்ல எண்ணச் சட்டி வெக்கக் கூடாதுங்க. அதிரசம், முறுக்கு ஒண்ணும் சுட முடியாது.”

“மீனுக்கு வந்ததுக்கா?”

“மீனுக்கு வந்தாலும் வூட்டுக்குள்ளதானுங்களே வந்திருக்குது?”

அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். நானும் சிரித்துவிட்டு மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றினேன். அந்த மீதிப் பாதியை அப்போது யோசித்திருக்க வேண்டும். இதே வழக்கத்தில் வீடு எப்போது மூடும் என்பதற்கு ஒரு நாள் இருந்தால், எப்போது திறக்கும் என்பதற்கும் ஒரு நாள் இருக்கும். அம்மைக்கு அந்த நாள், புள்ளி இறங்குகிற நாள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு அதுதான் மிக ஆபத்தான நாள்.

எழுத்துல குடுங்க

அடுத்த வாரம் எனக்குக் கண் அறுவை நடந்தது. முன்பே தேதி வாங்கியிருந்தேன். கண்ணில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தேன். போன் மகளிடம் இருந்தது. திரையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை, பேசவும் கூடாது என்று அவள் விரித்துப் பொருள் கொண்டிருந்தாள். கையேட்டைத் தமிழாக்கியவன் மகள்.

சகாயமேரி கூப்பிட்டிருக்கிறார். “அப்பா ரெஸ்ட்ல இருக்காருங்க, ஆபீஸ்ல கேளுங்க,” என்று மகள் சொல்லியிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படத்தை நான் கட்டு அவிழ்த்த பிறகு பார்த்தேன். நீலத் தொட்டியில் புது மீன்கள், சுத்தமாக, ஒரு புள்ளி இல்லாமல்.

அவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பேசியது மேலாளர். அந்த உரையாடலை மேலாளரே என்னிடம் பிறகு சொன்னார், மறைக்காமல்.

“புள்ளி போயிடுச்சு சார். பெரிய தொட்டில சேக்கலாமா, கூடாதா?”

“அத நான் சொல்லக் கூடாதும்மா. டெக்னிக்கல் விஷயம். எழுத்துல குடுங்க.”

“ஒரு வார்த்தைதானுங்களே. கூடாதுனு சொல்லிட்டா போதும்.”

“கூடாதுனு எப்படிம்மா நானே சொல்ல முடியும்? எழுத்துல குடுங்க, மேல அனுப்பறேன்.”

மேலாளர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தொழில்நுட்ப ஆலோசனையைப் போனில் சொல்லக் கூடாது, எழுத்துமூலம் பெற்றுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்கள் பதிலைத்தான் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. வேறு ஏதோ கிளையில் யாரோ போனில் எதையோ சொல்லி, மீன் செத்து, வம்பு வந்ததால் பிறந்த சுற்றறிக்கை. நானே அதை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

அந்தோணி அன்றே வண்டியில் தருமபுரிக்கு வந்து மனுவைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலாளர் அன்றே முகப்புக் கடிதம் வைத்து மேலே அனுப்பினார். எல்லோரும் அவரவர் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கர்தினால்கள்

கறுப்புக் கண்ணாடியோடு நான் அலுவலகம் திரும்பியபோது புத்தாண்டு பிறந்துவிட்டது. மேசையில் ஒரு துண்டுத் தாள்: சகாயமேரி கூப்பிட்டார், மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதாம். அதன் கீழே மேலாளரின் கையெழுத்தில்: தண்ணீர்ப் பிரச்சினையா எனப் பார்க்கவும்.

இந்த முறை ஒரு கையெழுத்தும் போடாமல் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வேப்பிலையைக் காணவில்லை. நீல டிரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய தொட்டியில் கர்தினால்கள் மேல்மட்டத்தில் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெள்ளை மீன்மேல் வெள்ளைப் புள்ளி தெரியாது. சிவப்புத் தொப்பியைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன். தொப்பியில் மாவு சலித்ததுபோல் இருந்தது. ஒரு மீனின் செவுளில் ஒரு துணுக்கை வெட்டி ஸ்லைடில் வைத்தேன். லாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டன. மூச்சு விடுகிற இடம் முழுக்க அவையே குடியிருந்தன.

“நாந்தான் சார் உட்டேன்,” என்றார் அந்தோணி. “இவ மேல தப்பில்ல.”

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸுக்கு முன்தினம் பெங்களூரிலிருந்து அந்தோணியின் தம்பிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பிள்ளைகள் அழுதார்கள். அக்கா வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். “அதான் சுத்தமா எறங்கிடுச்சே. தண்ணி ஊத்தி எடுத்து உட வேண்டியதுதான? மீனுக்கு நோம்பு இருந்த வூடு ஊர்லயே உங்க வூடுதான்டா!” எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணி மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்தார். வலையால் மீனைப் பிடித்து விட்டிருந்தாலாவது சேதம் குறைந்திருக்கும். தம்பிகள் ஒரு கை பிடிக்க, டிரம்மையே தூக்கிப் பெரிய தொட்டியில் சாய்த்துவிட்டார்கள். மீனும் போயிற்று, அடித் தண்ணீரும் போயிற்று. அடுத்த நாழிகையில் வீட்டில் முறுக்கு வாசம் வந்ததாம்.

“நான் சொன்னது ஞாபகம் இல்லையாம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

சகாயமேரி என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

“ஞாபகம் இருந்துச்சுங்க சார். புள்ளி போனாத்தான் பயம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கறதுக்காவா போன் பண்ணேன்? அத்தன பேரு நிக்கறாங்க. நான் ஒருத்தி வேணாம்னா யாரு கேப்பா? ஆபீஸ்ல கூடாதுனுட்டாங்கனு ஒரு வார்த்த சொல்லணும். அதுக்குத்தான் கேட்டேன்.”

நான் ஸ்லைடைக் கழுவினேன்.

ஸ்டோரில் இருந்த மருந்தையும் கொண்டுவந்து போட்டேன். அதற்கு அனுமதி எப்படி வாங்கினேன் என்பது வேறு கதை. தண்ணீரை மாற்றினோம். உப்புப் போட்டோம். காற்றுக்கு இன்னொரு பம்ப் வைத்தோம். செவுள் அடைத்துவிட்ட மீனுக்கு மருந்தே பாரம். அந்த வாரம் முழுக்க நான் தினமும் போனேன். போகும்போதெல்லாம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புதுக் குழி இருந்தது. அந்தோணி ஒவ்வொன்றையும் ஆழமாகத் தோண்டிப் புதைத்தார். பூனை தோண்டிவிடக் கூடாது என்றார். ஒருநாள் அவர் அக்காவும் வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

பொங்கலுக்குப் பிறகு மிஞ்சியவை இரண்டு கர்தினால்கள். ஒருமுறை இந்த நோயிலிருந்து தப்பித்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். இரண்டும் நன்றாகத் தின்றன.

“ரெண்டு போதும் சார்,” என்றார் சகாயமேரி. “ஒரு ஜோடிலேந்துதான் ஆரம்பிச்சேன்.”

ஜோடியா என்று எனக்குத் தெரியாது. இனப்பெருக்கக் காலம் வராமல் கோல்ட் ஃபிஷ்ஷில் ஆண் பெண் பிரித்துச் சொல்வது கடினம். காத்திருக்கலாம் என்றேன். பெங்களூருக்கு வருவதாக மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்த அந்தோணியும் அவரை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் போன் வந்தது. குரலில் பதற்றம்.

“சார், மறுபடியும் புள்ளி வந்துடுச்சுங்க! ரெண்டு மேலயும்!”

“எங்கே வந்திருக்கு? உடம்பிலயா?”

“இல்லீங்க. செவுள் மூடி மேல. அப்புறம் பக்கத்துத் துடுப்புல, ஓரமா.”

“வரிசையா இருக்கா?”

“ஆமாங்க. ஊசி குத்தினாப்ல. வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியுது.”

“பயப்படாதீங்கம்மா. அது நோய் இல்ல.”

“செபஸ்தியாரே! வயித்துல பால வார்த்தீங்க சார். அப்ப என்னாங்க அது?”

முதல் நாள் கடைக்காரர் மீசையா என்று கேட்டதற்கு ஏறக்குறைய என்றது நினைவுக்கு வந்தது. இவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஆனால் அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. பயிற்சி வகுப்பில் இதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“ரெண்டுமேவா சார்?” என்று மட்டும் கேட்டார்.

பதில்

அந்தோணி அந்த மாதமே பெங்களூர் போய்விட்டார். சகாயமேரி தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சிமெண்ட் தொட்டிகளில் ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். மற்றவற்றில் அக்கா கீரை போட்டிருக்கிறார். இரண்டு கர்தினால்களும் வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டியில் இருக்கின்றன. விலைக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை.

நான் வைகாசியில் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் மேலாளர் பேசினார். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கலாம் சார். வாய் வரைக்கும் வந்துச்சு,” என்றார். நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். சளி எடுப்பது, செவுள் பார்ப்பது, மருந்து கணக்கிடுவது எல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிடும். ஒருவர் வந்து கேள்வி கேட்டால், அதன் பதில் அவருக்கே தெரிந்திருக்கலாம். அதைக் கொண்டுபோய் அவர் யார் முன்னால் வைக்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் அங்கேதான் இருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் மாலை, கடை முடிந்து வீட்டுக்குப் போகிற பேருந்திலிருந்து சகாயமேரி கூப்பிட்டார். பின்னால் நடத்துனரின் விசில் கேட்டது.

“சார், பதில் வந்திருக்குதுங்க.”

“என்ன பதில்?”

“அன்னைக்கு எழுதிக் குடுத்தோமே, அதுக்கு. அந்தோணி இல்ல, அதான் உங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்னு.” தாள் பிரிகிற சத்தம் வந்தது. அலுவலகத் தமிழை அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தார். “இடையில் நோய்க்குறி தென்பட்டால், அது மறைந்த நாளிலிருந்து மூன்று வாரத்தை மறுபடி எண்ணத் தொடங்க வேண்டும். எனவே தற்போது மீனைச் சேர்க்கக் கூடாது எனத் தெரிவிக்கப்படுகிறது.”

என் வாக்கியம்தான். ஒரு சொல்கூட மாறவில்லை.

“கூடாதாம் சார்,” என்றார்.

அன்று தேதி ஆகஸ்ட் பதினெட்டு.